குதிரைத் தொழிலுக்கு எந்தப் படிப்பு?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள்கூட, குதிரைகள் கட்டியிருக்கும் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்புவதில்லை. காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளும், கத்தியவார்க் குதிரைகளும், நாட்டு மட்டக்குதிரைகளும் வரிசையாக நிற்கும். விலை கேட்டால் தலை சுற்றும். வாங்குகிறவர் சிலர், பார்க்கிறவர் பல்லாயிரம். பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை கேட்கிறான்: "அப்பா, நான் குதிரை டாக்டருக்குப் படிக்கட்டுமா?"

"படிக்கலாங் கண்ணு. ஆனா நம்ம பக்கம் குதிரை எங்க இருக்குது?"

தகப்பனார் கேட்டது கிண்டலுக்காக அல்ல. இரண்டு ஏக்கர் தோட்டமும் நான்கு கறவை மாடும் வைத்திருப்பவர், பிள்ளையை ஐந்து ஆறு ஆண்டுகள் கல்லூரிக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆசை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. படித்துவிட்டு வந்தால் வேலை எங்கே?

2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு இதற்கு ஓரளவு பதில் சொல்லும். இந்தியா முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பில் இவை 6.25 லட்சம் இருந்தன. ஏழே ஆண்டுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மறைந்துவிட்டன. ஜட்கா வண்டி போய் ஆட்டோ வந்தது. சுமை தூக்கும் குதிரை போய் மினி லாரி வந்தது. மிச்சம் இருப்பவற்றிலும் பெரும்பகுதி வட மாநிலங்களில், செங்கல் சூளைகளிலும், கேதார்நாத், வைஷ்ணவதேவி போன்ற மலைக்கோவில் பாதைகளிலும் உழைக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் பசு, காளை, கன்று சேர்ந்து சுமார் 95 லட்சம் இருக்கும்போது, இந்தியா முழுதும் தேடினாலும் குதிரை மூன்றரை லட்சத்தைத் தொடவில்லை.

குதிரை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பந்தயம். அந்தத் தொழிலின் காற்று எப்போது எந்தப் பக்கம் வீசும் என்று சொல்வதற்கில்லை. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்த பிறகே அந்தப் பிரச்சினை ஓய்ந்தது. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாக உயர்ந்தது. இதற்கிடையில் 2024 ஜூலையில் உதகைப் பந்தய மைதான நிலத்தையும், அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து அந்த நிலத்தையும் அரசு தன் வசம் எடுத்தது. நிலத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தது சரியா தவறா என்பது வேறு வாதம். லாயத்தில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட ஆண்டாக இருந்திருக்கும் என்பதை, பருவமழை பொய்த்த ஆண்டைக் கண்ட விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிள்ளையின் ஆசையை மறந்துவிடச் சொல்வதா? அது வேண்டியதில்லை. பிள்ளை போக வேண்டிய இடம் குதிரை லாயமாக இருக்கலாம். ஆனால் போகிற வழி மாட்டுத் தொழுவத்தின் வழியாக இருக்க வேண்டும். ஓசூர் பக்கம் போனவர்களுக்கு மத்திகிரிக் கால்நடைப் பண்ணையைத் தெரிந்திருக்கும். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த பண்ணை. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் அது படைக்குதிரைகளை வளர்த்துப் பழக்கும் இடமாகத் தொடங்கியது. பட்டாளத்துக்குக் குதிரையின் தேவை குறைந்தபின், 1924-ல் மாகாண அரசின் கால்நடைப் பண்ணையாக மாறியது. குதிரைக்காகப் பிறந்த இடம் மாட்டினால் பிழைத்தது. கால்நடை மருத்துவக் கல்வியின் கதையும் ஏறக்குறைய இதுதான். வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தக் கல்வி வளர்ந்ததற்குப் பட்டாளக் குதிரைகள் பெரிய காரணம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டை டாபின் ஹாலில் 20 மாணவர்களுடன் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்குப் போனது. இன்று அங்கே படித்து வெளிவருகிற மருத்துவர்களில் பெரும்பாலோர்க்குச் சோறு போடுவது பசுவும், ஆடும், கோழியும், நாயும்தான்.

வெளிநாட்டு நிலைமை வேறு. அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகத்தில் குதிரைத் தொழிலின் வணிகத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் குதிரை அறிவியல் தனிப் பாடம். அரிசோனாவில் பந்தயத் தொழிலுக்கே ஒரு பிரிவு நடக்கிறது. அந்த நாட்டில் குதிரைப் பண்ணைகள் மாவட்டம் மாவட்டமாக இருக்கின்றன. படித்தவனுக்கு அந்த வேலை பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் ஒரு 'குதிரைப் படிப்பு' தேடுவது, நஞ்சை விதையைக் கரட்டு மேட்டில் விதைப்பது போலத்தான் முடியும். இந்தியாவில் கால்நடை மருத்துவம் ஒரே பட்டப்படிப்பாக இருக்கிறது; மாட்டையும் குதிரையையும் ஆட்டையும் கோழியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குதிரைக்கு மட்டும் தனி மருத்துவப் பட்டம் கிடையாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று குதிரைப் பராமரிப்புச் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் சில உண்டு. சவாரி பழகவும் லாயத்தில் கைவேலை பழகவும் அவை உதவலாம். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எவரும் குதிரைக்கு வைத்தியம் பார்க்க முடியாது. 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரே சிகிச்சை செய்யலாம். டிப்ளமோ படித்தவர்கள் மாநில அரசு அனுமதித்த சிறு பணிகளை, அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்யலாம். பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளாமல், நகையை அடகு வைத்து ஒரு வருடத்துக்கு முழுத்தொகை கட்டிவிடக் கூடாது.

இனி அந்தப் பட்டப்படிப்பைப் பற்றி. பி.வி.எஸ்சி. எனப்படும் கால்நடை மருத்துவம் மற்றும் பராமரிப்புப் படிப்பு, ஒரு வருட நேர்முகப் பயிற்சியுடன் சேர்த்து ஐந்தரை ஆண்டு. 1989-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தேனி, தலைவாசல், உடுமலைப்பேட்டை ஆகிய ஏழு இடங்களில் கல்லூரிகள் உள்ளன. மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடம் தனியே ஒதுக்கப்படுகிறது. ஊராட்சிப் பள்ளியில் தொடங்கி அரசு மேல்நிலைப் பள்ளியில் முடிக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, இதை மறந்துவிட்டு பத்தாம் வகுப்புக்குப் பிறகு தனியார் பள்ளிக்கு மாறினால், பெரிய வாய்ப்பு ஒன்றைக் கை நழுவ விட நேரும். மாறுவதற்கு முன் விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பல பெற்றோர்க்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கிற அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. உயிரியல், இயற்பியல், வேதியியல் படிக்காதவருக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால், கால்நடை மருத்துவத்துக்கும் வழி இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புக்கும் வழி இருக்கிறது. வேளாண்மைக் கல்லூரிக்கும் வழி இருக்கிறது. 'கணக்கு கஷ்டம், வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால், எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறான் என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம் அவன் இஷ்டத்துக்கு விடலாம்.

கால்நடை மருத்துவம் படித்தவனுக்குக் குதிரை தெரியுமா என்றால், பாடத்தில் தெரியும், கையில் தெரியாது. மாடும் குதிரையும் வெளிப்பார்வைக்குப் பங்காளி போலத் தோன்றினாலும், உள்ளே வேறு வேறு. மாட்டுக்கு நான்கு அறை இரைப்பை, அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை. நார்த்தீவனம் பின்குடலில்தான் புளித்துச் செரிக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. அதனால் பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்றாலோ, திடீரென்று தானியத்தை அளவு மீறித் தின்றாலோ, வயிறு உப்பி வலியில் உருண்டு, சில மணி நேரத்திலேயே செத்துப் போகலாம். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து, கோழிக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்யாது. குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். கோழிப் பண்ணையை ஒட்டிக் குதிரை வைத்திருப்பவர் எவராயினும் தீவன மூட்டைகளைத் தனித்தனி அறையில் வைக்க வேண்டும். மாட்டு வைத்தியத்தில் தேர்ந்தவர்கூடக் குதிரை லாயத்துக்குள் முதல் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சினை பிடிக்க வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. கிராமத்துக் கால்நடை மருத்துவருக்குச் சினை ஊசி தினசரி வேலை. ஆனால் பந்தயக் குதிரை இனமான தாரோபிரெட்டில் சினை ஊசிக்கு இடமே இல்லை. பொலிகுதிரை நேரே சேர்ந்து பிறந்த குட்டியை மட்டுமே வம்சப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். உலகம் முழுவதும் இதுதான் விதி. பெட்டைக்குதிரை பதினொரு மாதம் சுமந்து ஒரே குட்டி போடும். ஆகவே இனவிருத்திப் பண்ணை மருத்துவரின் சாமர்த்தியம், பெட்டை பருவத்துக்கு வரும் நாளைத் தவறாமல் கண்டுபிடிப்பதிலும், நள்ளிரவில் குட்டி போடும்போது பக்கத்தில் இருப்பதிலும் இருக்கிறது. நாட்டுக் குதிரை இனங்களில் இந்தத் தடை கிடையாது. ஹிசாரில் தலைமையகமும் பிகானேரில் கிளையும் கொண்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம், 2023-ல் கருமாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டியைப் பிறக்க வைத்தது. ஆராய்ச்சியில் நாட்டம் உள்ள பிள்ளை எம்.வி.எஸ்சி.யில் இனப்பெருக்கவியல் எடுத்தால், இந்த வழியில் போகலாம்.

லாயம் என்றால் பந்தய லாயம் ஒன்றுதானா? இராணுவத்தில் 1779-ல் தொடங்கிய குதிரை மற்றும் கால்நடை மருத்துவப் படைப்பிரிவு இருக்கிறது. அதன் பயிற்சிக் கல்லூரி மீரட்டில். பி.வி.எஸ்சி. முடித்தவர்களைத்தான் அங்கே மருத்துவ அதிகாரிகளாக எடுக்கிறார்கள். சாலை போகாத எல்லைச் சிகரங்களுக்கு இன்னும் கோவேறு கழுதைதான் சுமை ஏற்றிச் செல்கிறது. சென்னை மாநகரக் காவல்துறைக்குக் குதிரைப்படை உண்டு. கர்நாடகத்தில் குனிகல், மகாராஷ்டிரத்தில் புனே வட்டாரம் இரண்டும் பந்தயக் குதிரை இனவிருத்திக்குப் பெயர் பெற்றவை. நேர்முகப் பயிற்சி ஆண்டில், ஒழிந்த நாட்களில் இப்படிப்பட்ட இடம் ஒன்றில் முதுநிலை மருத்துவர் ஒருவரின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளைக்கு, வேலை கேட்கும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.

இன்னொரு இடமும் உண்டு. வரப்பில் நடந்து பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்துதான் வருகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்துத் தொழிற்சாலைகள் அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகின்றன. குதிரையின் உடம்பில் எதிர்ப்பு உண்டான பின், இரத்தம் எடுத்துப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். குதிரைகள் நலமாக இருந்தால்தான் மருந்து நன்றாக இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள மருத்துவர் வேண்டும். பந்தயம் நடந்தாலும் நின்றாலும் பாம்பு கடிக்காமல் இருக்கப் போவதில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான குதிரை வேலை எது?

மதிப்பெண் போதாமல் கால்நடை மருத்துவம் கிடைக்காவிட்டால் நிலத்தை விற்று வெளி மாநிலத்துத் தனியார் கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டுமா? வேண்டாம். ஐந்தரை ஆண்டு கழித்து வருகிற சம்பளம், விற்ற நிலத்தைத் திரும்ப வாங்கித் தராது. வேளாண்மைப் பட்டம் படித்துத் தீவனப் பயிரில் தேர்ந்தாலும் குதிரைப் பக்கம் போகலாம். குதிரைமசால் என்று பெயர் வைத்திருக்கிற பயிரை இன்று குதிரையே இல்லாத தோட்டங்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறார்கள். அதைத் தூசியும் பூசணமும் இல்லாமல் பதமாக உலர்த்திக் கட்டு கட்டத் தெரிந்தால், பெயருக்கு உரியவர்களும் வாங்க வருவார்கள். வராவிட்டால் வீட்டு ஆடு தின்னும். நட்டமில்லை.

படிப்பே ஏறாத பிள்ளைக்குக் கூடக் குதிரைத் தொழிலில் ஒரு மரியாதையான இடம் இருக்கிறது. அது லாடம் கட்டுவது. வேலை செய்யும் குதிரைக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். ஆணி கால் அங்குலம் உள்ளே தவறினால் குதிரை நொண்டும். இலட்ச ரூபாய்க் குதிரை லாயத்தில் நிற்கும். கொங்கு நாட்டில் காளைக்கு லாடம் கட்டுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உழவு மாடு குறைந்து அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். காளையைக் கீழே சாய்த்துக் கட்டுகிறார்கள். குதிரையை நிற்க வைத்தே கட்ட வேண்டும். லாடத்தின் வடிவும் வேறு. ஆயினும் இரும்பும் குளம்பும் பழகிய கைக்குக் குதிரை லாடம் கற்பது எளிது. இதைக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. வேலை தெரிந்தவரிடம் இரண்டு மூன்று ஆண்டு கூட நின்றுதான் கற்க வேண்டும். பந்தய சவாரிக்காரன் ஆக வேண்டும் என்று பள்ளியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை அனுப்புவது மட்டும் வேண்டாம். அந்த வேலைக்கு உடல் எடை ஐம்பது கிலோவை ஒட்டியே நிற்க வேண்டும். பதினெட்டு வயதில் எடை கூடிவிட்டால் படிப்பும் இல்லை, சவாரியும் இல்லை.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை என்றாலும், 'குதிரை முரடு, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு' என்று சொல்கிற தகப்பனார் இன்னும் இருக்கிறார். கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்புகளை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பேச்சு தானே நின்றுவிடும். முரட்டு மாட்டைப் பால் கறக்கிறவர்கள் வீட்டில் யார் என்பதையும் அவர் யோசிக்கலாம்.

அந்தியூரில் கேட்ட பையன் இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த ஜூனில் குரூப் எடுக்க வேண்டும். அதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் காலையில் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், டாக்டரிடம் அனுமதி கேட்டு, ஊசி போடும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிற்கலாம். சாணமும் இரத்தமும் சீழும் பார்த்த பிறகும் அடுத்த வாரம் தானாகவே கிளம்புகிறானா என்று தகப்பனார் பார்த்துக்கொள்ளட்டும்.